எல்லாரும் உள்ளயா?

அத்தியாயம் 11

பை கட்டிலின் மேலேயே இருந்தது. நேற்று மூடிய ஜிப்பை யாரும் திறக்கவில்லை.

மணிமேகலை அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். நாளைக் காலை சென்னையில், பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் படிப்புக்கு இன்டர்வியூ. நேற்றே இந்தப் பையோடு அவள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

கூத்தம்பட்டியில் காப்புக் கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர், தேர் முடியும் வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் புதுக்கோட்டைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். படுக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியே காரியம் இருப்பவர்கள் காப்புக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். காப்புக்குப் பிறகு உள்ளே வருகிறவர்கள் விருந்தாளிகள். அவர்களைக் காப்பு கட்டுப்படுத்தாது.

சென்னைக்குப் போக ஓர் இரவு, வர ஓர் இரவு. வேறு கணக்கு கிடையாது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, டூட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. அப்படித்தான் பேச்சு. காப்பு இராச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். நேரம் தாராளமாக இருந்தது.

ஆனால் அவள் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தலைப்பிரசவத்துக்கு வந்த சத்யபிரியா என்ற பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டூட்டி முடிந்தது. அடுத்த நர்ஸ் வந்தாள். அந்தப் பெண் கையை விடவில்லை. மணிமேகலையும் விடுவித்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, தையல் போட்டுக் கை கழுவியபோது வெளியே இருட்டியிருந்தது.

வீட்டு வாசலில் மாமியார் முத்துமாரியம்மாள் நின்றாள்.

"வந்துட்டியா? நீ எல்லைக்குள்ள கால வச்சதும் கட்டிட்டாங்க. மழை வார மாதிரி இருக்குன்னு முன்னாடியே வச்சுட்டாங்க."

இந்த வருடம் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை அவளுடைய மாமனார் ஆண்டியப்பனுக்கு. ஆகவே கேள்வி கேட்பதற்கும் ஒன்றும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கணவன் சூர்யபிரகாஷ் பேசினான். "நான் என்ன செய்ய முடியும் மேகலா? அப்பா கையில காப்பு. அடுத்த வருசம் போட்டுக்கலாம்."

அடுத்த வருடம் அந்தப் படிப்புக்கு அவள் வயது தாண்டிவிடும். அது அவனுக்கும் தெரியும்.

இன்று காலை பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். "ஆன்லைன்லாம் கிடையாதும்மா. நேர்ல வந்தாத்தான்." வைத்துவிட்டார்கள்.

"அண்ணி, கேக்கவா?"

நாத்தனார் தேவிப்ரியா கதவில் சாய்ந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். திருவிழாவுக்காக லீவு போட்டிருந்தாள். ஒரு வாரமாக அவள்தான் இன்டர்வியூ எடுக்கும் மேடம். போனில் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"எதுக்கு? போகப் போறதில்லையே."

"போகாட்டிப் போகுது. எனக்குப் பழகிப்போச்சு. உக்காருங்க. அப்படி இல்லை, நிமிந்து."

மணிமேகலை தன்னையறியாமல் நிமிர்ந்தாள்.

"பார்ட்டோகிராஃப்னா என்ன?"

"வலி எடுத்ததுல இருந்து கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கு, குழந்தையோட துடிப்பு எப்படி இருக்கு, எல்லாத்தையும் ஒரே கட்டத்தாள்ல குறிச்சுக்கிட்டே வர்றது. கோடு வலப்பக்கமா ஒதுங்குச்சுன்னா பிரசவம் தாமதமாகுதுன்னு அர்த்தம்."

"தமிழ்ல சொன்னா மார்க் கிடையாது."

"ஒனக்குப் புரியட்டும்னு சொன்னேன்."

"எனக்கு எதுக்குப் புரியணும்? அடுத்தது. டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. மிட்வைஃப் எதுக்கு?"

இந்தக் கேள்வியில்தான் அவள் தினமும் தடுக்கி விழுந்தாள். ஆங்கிலத்தில் சில வாக்கியங்கள் மனப்பாடம் செய்திருந்தாள். உலக சுகாதார நிறுவனம் என்று தொடங்கும். இன்று அது வாயில் வரவில்லை.

"நேத்து அந்தப் பொண்ணு கையை விடலை" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"பிரசவத்துக்கு வந்த பொண்ணு. டாக்டரம்மா வந்து பார்த்துட்டுப் போவாங்க, அவங்களுக்கு அங்கிட்டு நூறு சோலி. நாங்க ஊசி போடுவோம், பி.பி. பார்ப்போம், ஷிப்ட் முடிஞ்சா கெளம்பிருவோம். மொத வலியில இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஆளு கூடவே இருக்கிறதுன்னு ஒரு வேலை இங்க யாருக்கும் இல்லை. அது ஒரு வேலையா இருக்கணும். அதை நான் பாக்கணும்."

தேவிப்ரியா போனைத் தாழ்த்தினாள். "இதைச் சொல்லுங்க அண்ணி. அந்த இங்கிலீஷைத் தூக்கிப் போடுங்க."

"யார்கிட்டச் சொல்ல?"

மேடம் பேச்சை மாற்றுவதற்காகப் போனைத் தேய்த்தாள்.

"அப்பாவப் பாருங்க. நேத்து ஸ்டேட்டஸ் போட்டேன். அண்ணன்கூட ஹார்ட் விட்ருக்கு."

வீடியோவில் ஆண்டியப்பன் மஞ்சள் வேட்டியோடு கோயில் வாசலில் நின்றார். ஊர்த் தலைவரான அம்பலம் அவர் பக்கத்தில். காப்புக் கட்டுகிறவரின் மனைவியிடம் அம்பலம் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்பார். அது முறை. வெளியே யாராவது இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவரை விட்டுவிட்டுக் கட்டுவார்கள்.

"ஒங்க வீட்ல எல்லாரும் உள்ளயா?"

முத்துமாரியம்மாள் பேசவில்லை.

"எல்லாரும் உள்ளயா?"

பேசவில்லை.

"அம்மாவுக்கு வெக்கம்" என்றாள் தேவிப்ரியா.

"எல்லாரும் உள்ளயா?"

"உள்ள" என்றது முத்துமாரியம்மாளின் குரல். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஆண்டியப்பனின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றினார்.

மணிமேகலை கயிற்றைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் கண்மாய்க்கரை தெரிந்தது. கரைக்கு மேல் வானம் சிவப்பாக இருந்தது. ஓர் எருமை தன் நிழலோடு கரையேறிப் போனது.

"இது எப்ப எடுத்தது?"

"கட்டுறப்பத்தான்."

"லைட்டே போடலையே."

"நல்லா வெளிச்சமா இருந்துச்சே. இருட்டுறதுக்குள்ள கட்டி முடிச்சுட்டாங்க."

வானம் அந்தச் சிவப்பில் இருந்தபோது சத்யபிரியாவின் குழந்தைக்குத் தலை தெரியத் தொடங்கியிருந்தது. வார்டின் மேற்கு ஜன்னல் முழுக்க அதே சிவப்பு. அந்த ஜன்னலுக்கும் இந்த ஊருக்கும் நடுவே இரண்டு கிராமங்கள் இருக்கின்றன.

அப்படியென்றால் அவள் வெளியே இருந்தாள். விருந்தாளியாக உள்ளே வந்தாள். இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இப்போதே போகலாம்.

எழுந்தாள். கதவு வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

போவதென்றால் ஏன் போகலாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், மாமியார் அம்மன் முன்னால் நின்று பொய் சொன்னாள் என்று ஆகும். மாமனார் கையில் இருப்பது அந்தப் பொய்யின் மேல் கட்டிய காப்பு என்று ஆகும். 

அடுப்படியில் முத்துமாரியம்மாள் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். காப்புக் காலத்தில் தாளிப்புக் கூடாது. வீட்டில் நேற்றிலிருந்து எந்த வாசனையும் இல்லை.

"அத்த, கட்டுறப்ப வெளிச்சமா இருந்துச்சாமே."

கரண்டி நின்றது.

"யாரு சொன்னா?"

"தேவி எடுத்த வீடியோவுல தெரியுது."

"அந்தச் சிறுக்கி போனைத் தூக்கி அடுப்புல போடணும்."

"நான் உள்ள இல்லைன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

மறுப்பாள் என்று நினைத்தாள். மறுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம்.

"தெரிஞ்சுதான்" என்றாள் முத்துமாரியம்மாள். "ரெண்டு தடவை வாயக் கட்டிக்கிட்டு நின்னேன். மூணாவது தடவை வந்துருச்சு."

"எதுக்கு அத்த?"

"எதுக்கா? நீ ஒண்ணரை வருசம் மெட்ராசுல இருப்ப. அவன் சிங்கப்பூர்ல இருப்பான். பிள்ளை எங்கிட்டு இருந்து வரும், கூரியர்லயா? ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் பிரசவம் பாக்குற. ஒனக்கு யாரு, எப்ப பாக்குறது?"

"இப்பவும் அவரு சிங்கப்பூர்லதான அத்த இருக்காரு?"

"இப்ப நீ இங்க இருக்க." சட்டியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "லீவு விட்டா ஒனக்காக இந்த வீட்டுக்கு வருவான். நீ மெட்ராசுல இருந்தா நேரா அங்க எறங்கிட்டு அங்கிருந்தே ஏறிப் போயிருவான். எனக்கு இருக்கிறது ஒரே மகன். அவனை இந்த வாசப்படிக்கு இழுக்கிற கயிறு நீ ஒருத்திதான். அவுத்து விடச் சொல்றியா?"

மணிமேகலை திட்டுக்குப் பதில் வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை.

"சொல்லிராத" என்றாள் முத்துமாரியம்மாள். குரல் இறங்கியிருந்தது. தூக்குச் சட்டியை நீட்டினாள். "அவருக்குச் சோறு. நீயே கொண்டு போ. நேத்துல இருந்து என்னால அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க முடியலை."

கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆண்டியப்பன் உட்கார்ந்திருந்தார். காப்புக் கட்டியவர் தேர் வரை வீட்டுக்கு வரக் கூடாது. ஒரு வேளைச் சோறு. தரையில் படுக்கை. கோபம் கூடாது, கடுஞ்சொல் கூடாது. அவருக்கு அது பெரிய சிரமம் இல்லை. சாதாரண நாளிலேயே அதிகம் பேசாதவர்.

இலையைப் போட்டு மணிமேகலை பரிமாறினாள்.

"இன்னும் படிச்சுக்கிட்டிருக்கியாமே" என்றார். "பூக் கொண்டாந்தப்ப தேவி சொன்னா."

"சும்மாதான் மாமா."

அவர் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு ஆத்தா. முன்கூட்டிக் கட்டிரலாம்னு பூசாரி சொன்னப்ப, நான் பொறுக்கச் சொன்னேன். மருமக வந்து பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பட்டும், அப்புறம் கட்டுவோம்னேன். ஒங்க அத்தைதான் வந்து காதுல சொன்னா. அவ வந்துட்டா, வீட்ல இருக்கா, மாமா கையில காப்பு ஏறுறப்ப நான் எப்படிப் போறதுன்னு இருந்துட்டான்னு." தலையைத் தூக்கினார். "எனக்காகவா விட்ட?"

ஆமாம் என்றால் போதும். மாமியார் தப்பிப்பாள். மாமனார் நெகிழ்வார். ஊர் மெச்சும். ஒரே ஒரு சொல் எல்லோரையும் காப்பாற்றிவிடும், அவளைத் தவிர.

அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லை மாமா. நீங்க கட்டுறப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

கொட்டகையின் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தெரியுமா?"

மணிமேகலை இலையைப் பார்த்தாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். காப்புக் கட்டியவர் ஒருமுறை வைத்துவிட்டால் மறுபடி எடுக்கக் கூடாது. இன்றைக்கு அவ்வளவுதான் சாப்பாடு. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காப்பு இருந்த வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். கோபப்படக் கூடாத மனிதர் கோபத்தை எங்கே வைப்பது என்று தேடுவது போல இருந்தது.

"இது செல்லாது" என்றார் கடைசியில். "அவுத்துட்டுத் திரும்பக் கட்டணும். அம்பலத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டச் சொல்றேன்."

"அத்தையை என்ன மாமா..."

"அவ சொன்ன சொல்லை அவதான் திருப்பி எடுக்கணும். அம்பலம் கேக்குறப்ப, அத்தனை சனத்துக்கு முன்னாடி."

"வேணாம் மாமா. நான் போகலை. இது இப்படியே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்குத் தெரிஞ்சுருச்சே ஆத்தா."

எழுந்து நின்றார். "நீ அதுக்குள்ள எல்லை தாண்டிரு. திரும்பக் கட்டுறப்ப உள்ள இருந்தேன்னா, அப்புறம் நானே நெனச்சாலும் ஒன்ன அனுப்ப முடியாது."

அவள் திரும்பி வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. தேவிப்ரியா கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டேட்டஸை அழிச்சுட்டேன் அண்ணி."

"இனிமே அழிச்சு என்ன?"

"அதான். ஊரே பார்த்துருச்சு. கருப்பன் சித்தப்பா டவுன்லோடு வேற பண்ணி வச்சிருக்காராம்."

முத்துமாரியம்மாள் ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள். மணிமேகலை பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் வேணும்னு சொல்லலை அத்த. அவரு நேராக் கேட்டாரு."

முத்துமாரியம்மாள் கழுவிய ஏனத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் கழுவி முடித்ததும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. தெருவில் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டியதும் தொடர்ந்தார்கள். மணிமேகலை பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தாள். கேள்விகளை நினைத்துப் பார்த்தாள். பார்ட்டோகிராஃப் என்றால் என்ன என்பதுகூட மறந்துபோயிருந்தது.

வெயில் இறங்கத் தொடங்கியதும் கதவைத் தட்டினாள்.

"அத்த. போயிட்டு வாரேன்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம் எல்லைக்கு வெளியே, தார் ரோட்டில் இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டின் குறுக்கே வேப்பிலைத் தோரணம். அதைத் தாண்டினால் ஊர் முடிந்தது. மணிமேகலை தாண்டினாள். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். பையின் பட்டை தோளை அறுத்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

பஸ் வரவில்லை. கோயில் பக்கம் மைக் செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று இரண்டு மூன்று என்று யாரோ சொல்வது வயல்களைத் தாண்டிக் கேட்டது.

ரோட்டில் ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். தோரணத்துக்கு அடியில் தலையைக் குனிந்து கடந்தாள். கடந்த பிறகுதான் மணிமேகலைக்கு அடையாளம் தெரிந்தது.

முத்துமாரியம்மாள் நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் துணிக்கடைப் பை ஒன்று, வாய் கட்டாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு போயிருச்சா?"

"இன்னும் வரலை. நீங்க எங்க அத்த?"

"மெட்ராசுக்கு."

"அத்த."

"நீ எங்க போறியோ அங்க. நான் அந்த ஊரப் பாத்ததில்லை. பாத்துட்டு வாரேன்."

"அங்க ஒங்களத் தேடுவாங்க. மாமா ஒத்தையா நிப்பாரு."

"நிக்கட்டும். அவருதான் கோவப்படக் கூடாது. எனக்கு யாரும் ஒண்ணும் கட்டலை." மூச்சு வாங்கியது. பையை மறு கைக்கு மாற்றினாள். "நான் பொய் சொன்னேன்னு என் வாயாலயே சொல்லணுமாம். வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது என் வாய்ச்சொல்லு ஒண்ணுதான். முத்துமாரி சொன்னா சரியா இருக்கும்பாங்க. அதையும் குடுத்துட்டு அங்க எப்படி இருக்கிறது? வெளிய இருக்கிறவளை எந்த அம்பலமும் கேக்க முடியாதுல்ல."

"நாந்தான் ஒங்களக் கூட்டிட்டுப் போயிட்டேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க" என்றாள் முத்துமாரியம்மாள்.

இவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டால் பஸ் போய்விடும். விளக்கு வைத்துவிடுவார்கள். காப்பு ஏறும். நாளை என்பது இல்லை. இவளைக் கூட்டிக்கொண்டு போனால், அந்தக் கொட்டகையில் பட்டினியாக இருக்கும் மனிதர் செல்லாத காப்போடு ஊர் முன்னால் நிற்பார். அவர்தான் அவளை அனுப்பிவைத்தவர்.

வளைவில் பஸ் தெரிந்தது. அருகில் வந்து நின்றது.

"ஏறுறதுன்னா ஏறுங்கம்மா, வண்டி லேட்டு" என்றார் கண்டக்டர்.

முத்துமாரியம்மாள் முதலில் ஏறினாள். படிக்கு அடுத்த சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

மணிமேகலையின் போன் அடித்தது. தேவிப்ரியா. பின்னால் மேளம் கேட்டது.

"அண்ணி, அம்மாவக் காணோம். அறை தொறந்து கெடக்கு. எல்லாரும் வந்துட்டாங்க. அம்மா வந்தாத்தான் அம்பலம் கேக்க முடியும். அப்பா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா?"

மணிமேகலை ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். முத்துமாரியம்மாள் வெளியே பார்க்கவில்லை. மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று சொல்வது எவ்வளவு எளிது என்று மணிமேகலைக்கு அப்போது புரிந்தது. நாக்கு நுனியிலேயே இருந்தது.

படியில் ஏறினாள். போனை மாமியாரிடம் நீட்டினாள்.

"ஒங்களத்தான் கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்க."

முத்துமாரியம்மாள் போனை வாங்கவில்லை. தேவிப்ரியாவின் குரல் அண்ணி, அண்ணி என்று மணிமேகலையின் உள்ளங்கைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு முத்துமாரியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அப்பாகிட்டக் குடு" என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.